மெய்ப்பாடும் வாய்மொழியும்: பெண்ணின் காமவுணர்ச்சியை இருமொழி இலக்கியம் கண்ட முறை

1. பொருளும் களமும்

உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடலின்வழிப் புலனாதலை மெய்ப்பாடு எனப் பெயரிட்டு, அதற்கெனத் தனி இயல் ஒன்றும் வகுத்தது தொல்காப்பியம். அவ்வியலை நாடகநூல் ஒப்புமை பற்றியும் உரைவேறுபாடு பற்றியும் அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். காமம் எழுங்கால் பெண்ணின் உடலில் நிகழும் இயல்பான மாறுதல்களை நம் முன்னோர் எவ்வளவு அறிந்திருந்தனர், அவ்வறிவை யார் வாயிலாகப் பெற்றனர் என்னும் இரண்டு வினாக்களை முன்னிறுத்தி அதனை மீண்டும் பயிலுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குப் பள்ளிப்பட்டு வட்டாரத்தை யாம் களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. 1953ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் தோன்றியபோது சித்தூர் மாவட்டத்தோடு அதனுள் அடங்கிய இவ்வட்டாரம், எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்பிரல் முதல் நாள் திருத்தணியோடு சென்னை மாநிலத்தை வந்தடைந்தது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தின்கண் உள்ளது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் ஊர் இது. தெற்கே களவொழுக்கத்தால் வள்ளியை மணந்த முருகனின் தணிகைமலை. வடக்கே, எல்லைக்கு அப்பால், சிருங்காரப் பதங்களைப் போற்றி வளர்த்த கார்வேட்டிநகரம். களவியல் கற்பித்த தமிழையும் பதம் பாடிய தெலுங்கையும் ஒருங்கு வைத்து நோக்குதற்கு இதனினும் பொருத்தமான இடம் வேறு இல்லை எனலாம்.

இது வெறும் இலக்கிய வரலாற்று வினாவும் அன்று. தன் உடலில் நிகழ்வது இயல்பே என்று அறிவதற்குச் சொல் வேண்டும். சொல் இல்லாதவிடத்து இயல்பு நோயாகத் தோன்றும். நோய் இயல்பாகத் தோன்றி மறைந்து கிடப்பதும் உண்டு. இவ்விரு கேடுகளும் இன்றும் நீங்கியபாடில்லை.

2. மெய்ப்பாட்டியல் கண்ட உண்மை

மெய்ப்பாட்டியல் பொருளதிகாரத்தின் ஆறாம் இயல். நகை முதலாக உவகை ஈறாக மெய்ப்பாடு எட்டு என வகுத்து, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்கிறார் ஆசிரியர். அவற்றுள் உவகைக்குரிய நான்கனுள் ஒன்றாகப் புணர்ச்சி வைக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது. பொருளுடைமையாலும் விளையாட்டாலும் பிறக்கும் மகிழ்ச்சியோடு அது ஒரே வரிசையில் நிற்கிறது. பழி என்றோ பிணி என்றோ அதனைப் பிரித்து வைக்கும் நோக்கம் அங்கு இல்லை.

இதன்பின் களவுக்காலத்துத் தலைவியின் மெய்ப்பாடுகள் ஆறு படிகளாக, படிக்கு நான்காக, இருபத்துநான்கு என எண்ணப்படுகின்றன. முதற்படியில் அவள் தலைவனை எதிர்நோக்குகிறாள். நெற்றியில் வியர்வை அரும்புகிறது. எழுந்த முறுவலை மறைக்கிறாள். உள்ளம் நெகிழ்வதைப் பிறர் அறியாதவாறு காக்கிறாள். இரண்டாம் படியில் கூந்தல் அவிழ்கிறது, காதணி நெகிழ்கிறது, கை அணிகலனைத் தடவுகிறது, உடை திருத்தப்படுகிறது. மூன்றாம் படியில் கை இடைப்புறத்தை நாடுகிறது. வலிமை உடையாள் போன்ற தோற்றம் மேற்கொள்ளப்படுகிறது. இவ்வாறே ஏனைய படிகளும் செல்கின்றன.

இப்பகுப்பில் இரண்டு உண்மைகள் பொதிந்துள்ளன. முதலாவது, பெண்ணின் காமவுணர்ச்சிக்கு ஒரு முறைவைப்பு உண்டு, அது படிப்படியாக வளர்வது என்பது. இரண்டாவது, அவ்வுணர்ச்சியின் அடையாளங்களுள் சில அவள் எண்ணிச் செய்வன, சில அவளையும் கேளாமல் நிகழ்வன என்பது. உடையைத் திருத்துதல் செயல். நெற்றி வியர்த்தல் நிகழ்ச்சி. வடமொழி நாட்டிய சாத்திரமும் இவ்வேறுபாட்டை உணர்ந்து, வியர்த்தல், மயிர்க்கூச்செறிதல், குரல் தழுதழுத்தல், நடுங்குதல், நிறம் வேறுபடுதல் முதலிய எட்டினைச் சாத்துவிக பாவங்கள் எனத் தனியே எண்ணுகிறது. விருப்பத்திற்குக் கட்டுப்படாத நரம்பு மண்டலத்தின் தொழில் என்று இக்கால உடலியலார் கூறுவனவற்றுள் இவை பெரும்பாலும் அடங்கும். நரம்பின் கூற்றை அறியாத காலத்திலேயே அதன் விளைவை நூலோர் நுணுகிக் கண்டிருந்தனர்.

உறுப்புப் பெயர்களிலும் பண்டையோர் கூசினர் அல்லர். மூன்றாம் படியில் வரும் அல்குல் என்னும் சொல் சங்கச் செய்யுட்களில் பலவிடத்தும் பயில்வது. இடைப்பக்கம் என்றும் பெண்குறி என்றும் அதற்குப் பொருள் கூறுவர்; இடத்திற்கேற்பப் பொருள் கொள்வதே முறை. பிற்காலத்தார் சிலர் எவ்விடத்தும் ஒரு பொருளையே வற்புறுத்துவதற்குச் சொல்லாராய்ச்சியினும் நாணமே காரணம் எனத் தோன்றுகிறது.

3. கண்டவர் யார்?

இனி, இவ்வறிவு எவ்வழிப் பெறப்பட்டது என்னும் வினாவிற்கு வருவோம். கண்ணாலும் செவியாலும் நுண்ணிதின் உணரும் ஆற்றல் உடையார்க்கே மெய்ப்பாட்டின் பொருள் விளங்கும் என்னும் கருத்தோடு மெய்ப்பாட்டியல் நிறைவுறுகிறது. எனவே மெய்ப்பாடு என்பது காண்பானது அறிவு. வியர்வையைக் கண் காணும். குரலின் நெகிழ்ச்சியைச் செவி கேட்கும். வியர்த்தவளுக்கு அகத்தே என்ன தோன்றியது என்பது இவ்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

இவ்வெல்லை தற்செயலாய் அமைந்ததும் அன்று. தலைவி தன் வேட்கையைத் தலைவன்முன் வாய்விட்டு உரைத்தல் இல்லை என்பது களவியல் விதி. அது புறத்தார்க்குப் புலனாகும் முறையை விளக்கவந்த உரையாசிரியர், புதிய மட்கலத்தில் பெய்த நீர் தானே புறத்துப் பொசிவதனை உவமையாகக் காட்டுவர். அழகிய உவமை இது. எனினும் இதன்படி கலம் பேசுவதில்லை; பொசிவைக் கண்டவனே உள்ளே நீர் உண்டு என்று முடிவு செய்கிறான்.

வடமொழியிலும் நிலைமை இதுவே. பெண் அடையும் இன்பம் ஆண் அடைவதனோடு ஒத்ததா என்னும் வினாவைக் காமசூத்திரத்தின் இரண்டாம் அதிகரணம் எழுப்புகிறது. ஒவ்வாது என்கிறார் ஔத்தாலகி. தொடக்கமுதலே பெண்ணுக்கும் இன்பம் உண்டு என்கின்றனர் பாப்ரவியர். இருவர் இன்பமும் ஓரினத்தது என்று முடிக்கிறார் வாத்சியாயனர். முடிவு செம்மையானதே. ஆயினும் பெண்ணின் உடலைப்பற்றிய அவ்வழக்கில் வாதியர் அனைவரும் ஆடவர். கொக்கோகர் இயற்றிய இரதிரகசியமும் இவ்வாறே. திங்களின் கலைக்கேற்பப் பெண்ணுடலின்கண் காமத்தின் இருப்பிடம் நாள்தோறும் மாறும் என அந்நூல் கூறுவது உண்மைக்குப் பொருந்தாது; அதனைத் தழுவித் தமிழிற் கொக்கோகம் எழுந்தபோதும் கற்பவன் ஆடவனாகவே இருந்தான்.

4. தானே பேசியவர்கள்

இம்மரபுக்கு மாறாகப் பேசிய பெண்டிரும் உளர். வெள்ளிவீதியார் பிரிவுத்துயரைப் பாடினார். ஆண்டாள் தன் உடலின் ஏக்கத்தைக் காமனிடத்தும் மேகத்தினிடத்தும் சங்கினிடத்தும் ஒளியாது கூறினார். எனினும் இவ்விருவர் பாடியதும் பெரும்பாலும் பிரிவின் உடலே. இன்பத்தின் உடல் அன்று. நாச்சியார் திருமொழியை உயிர் இறைவனை நாடும் நாட்டமாகவே கண்டது வைணவ உரைமரபு. திருப்பாவை மார்கழிதோறும் வீதியில் ஒலிக்க, நாச்சியார் திருமொழியிலிருந்து பெருவழக்குப் பெற்றது திருமணக் கனவைப் பாடும் பதிகம் ஒன்றே என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

பதினேழாம் நூற்றாண்டளவில் தெலுங்குப் பதங்கள் வேறொரு வழியைத் திறந்தன. மொவ்வ ஊரின் க்ஷேத்ரய்யா தஞ்சை விசயராகவ நாயக்கர் அவையில் போற்றப்பெற்றார். அவர்க்குப் பிற்பட்ட சாரங்கபாணி கார்வேட்டிநகர அரசின் ஆதரவில் விளங்கினார். இவர்தம் பதங்களில் நாயகி தன் வேட்கையையும் கூட்டத்தையும் ஊடலையும் நாணமின்றித் தானே உரைக்கிறாள். களவியல் அடைத்த வாய் இங்குத் திறந்தது எனலாம். எனினும் எழுதியவர் ஆடவர். பாடி அபிநயித்தவரே பெண்டிர்.

பாடுநரும் ஆக்குநரும் ஒருவரேயாகிய காட்சியைப் பதினெட்டாம் நூற்றாண்டிற் காண்கிறோம். தஞ்சையை 1739 முதல் 1763 வரை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் விளங்கிய கணிகையர் குலப் புலவர் முத்துப்பழனி. திருப்பாவையைத் தெலுங்காக்கியவரும் இவரே. இவர் இயற்றிய இராதிகா சாந்த்வனம், தான் வளர்த்த இளையாளைக் கண்ணனுக்கு மணம் செய்வித்த இராதையின் பொறாமையையும், கண்ணன் அவளைத் தேற்றியதையும் பொருளாகக் கொண்டது. மணமகளுக்கு இன்பத்தின் இயல்பை எடுத்துரைத்து, கண்ணனிடத்து அவளை மென்மையாக நடத்துமாறு அறிவுறுத்துபவள் முதிர்ந்த பெண்ணாகிய இராதையே. கூட்டத்தை முற்பட்டு நாடுபவளும் அவளே. அறிவுறுத்தும் நிலையில் பெண், கேட்கும் நிலையில் ஆண் என்னும் இவ்வமைப்பு நம் காமநூல் மரபையே தலைகீழாக்கியது.

இந்நூலுக்கு நேர்ந்த கதி அறியற்பாலது. 1887ஆம் ஆண்டில் சில பகுதிகள் நீக்கப்பட்டு அச்சேறியது. கந்துகூரி வீரேசலிங்கம் இந்நூலையும் ஆசிரியரையும் கடிந்து எழுதினார். பெங்களூர் நாகரத்தினம்மாள் முழு ஏட்டினைத் தேடிப் பெற்று, 1910ஆம் ஆண்டில் சென்னை வாவிள்ள இராமசாமி சாத்துருலு பதிப்பகத்தின் வாயிலாகச் செம்பதிப்பு வெளியிட்டார். ஆடவர் எழுதிய சிருங்கார நூல்கள் புகழப்பட, பெண் எழுதியது மட்டும் இகழப்படுவது ஏன் என்பது அவர் எழுப்பிய வினா. அதற்கு விடை கூறாமல், 1911ஆம் ஆண்டில் ஆங்கில அரசு நூலை ஆபாசம் எனக் கொண்டு படிகளைக் கைப்பற்றிற்று. நாடு விடுதலை பெற்ற காலத்திற்றான் தடை நீங்கியது. 1952ஆம் ஆண்டில் மறுபதிப்பு வெளிவந்தது. நாகரத்தினம்மாள் மறைந்ததும் அவ்வாண்டிலேயே.

ஏறத்தாழ நாற்பதாண்டுகள் ஒரு நூல் மறைந்திருந்ததனால் மட்டும் நேர்ந்த இழப்பு அன்று இது. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் 1947ஆம் ஆண்டில் நிறைவேறியது. சிறுமியரைப் பொட்டுக்கட்டும் கொடுமை ஒழிந்தது நன்றே. ஆனால் அக்கொடுமையோடு, பெண் தன் இன்பத்தைத் தானே கூறும் மொழியும் கீழ்மைக்குரியதாகக் கருதப்பட்டது. வீணை தனம்மாள் குடும்பத்தார் போன்ற சிலர் பதங்களைக் காத்தனர். அக்குடும்பத்துப் பாலசரசுவதி சிருங்காரத்தை ஆடலின் உயிரெனக் கொண்டு போற்றினார். கற்ற குடும்பத்துப் பெண்டிர்க்கோ அம்மொழி எட்டாததாயிற்று.

5. உடலியலார் அளந்தவை

இந்நூல் நம் நாட்டில் மீண்டும் வெளிவந்த காலத்தை ஒட்டி, மேலைநாட்டில் ஆய்வாளர் பெண்களிடமே கேட்கவும் அளக்கவும் தலைப்பட்டனர். 1953ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கின்சி, ஆயிரக்கணக்கான பெண்களை நேர்கண்டு திரட்டிய செய்திகளை வெளியிட்டார். 1966ஆம் ஆண்டில் மாசுடர்சு என்னும் மருத்துவரும் சான்சன் என்னும் பெண் ஆய்வாளரும் 382 பெண்களையும் 312 ஆடவரையும் ஆய்வகத்தில் நோக்கி எழுதிய நூல் வெளிவந்தது. உணர்ச்சி எழுதல், உயர்ந்து நிலைத்தல், உச்சம், தணிதல் என நான்கு படிகளை அவர்கள் வகுத்தனர்.

அவர்கள் கண்டவற்றுள் முதன்மையானது ஈரத்தைப் பற்றியது. உணர்ச்சி தோன்றிய பத்து முதல் முப்பது நொடிக்குள் யோனியின் உட்சுவரில் நீர்த்துளிகள் அரும்பும். இந்நீர் சுரப்பி ஒன்றிலிருந்து பெருகுவது என முன்னர்க் கருதப்பட்டது. இடுப்பின் உள்ளுறுப்புகளுக்குக் குருதி மிகுந்து பாய்வதனால், குருதிநாளங்களினின்று உட்சுவர் வழியே கசிவதே அது என்பது தெளிவாயிற்று. மட்கலத்துப் பொசிவு என்னும் பண்டை உவமை இங்கு நினைவிற்கு வருதல் இயல்பே. உரையாசிரியர் கருதியது வேட்கையின் வெளிப்பாட்டையே அன்றி உடற்கூற்றை அன்று.

ஏனைய மாறுதல்களும் இவ்வாறே விளக்கம் பெற்றன. அடிவயிற்றில் வெம்மையும் கனமும் தோன்றுதல், உறுப்பு தடித்தல், மார்புக்காம்பு விறைத்தல், முகமும் மார்பும் சிவத்தல், மூச்சு விரைதல், தொடைத்தசை இறுகி நடுங்குதல் ஆகியன இயல்பானவை. உச்சநிலையில் நெஞ்சத்துடிப்பு நிமிடத்திற்கு 110 முதல் 180 வரை உயர்தலும், இடுப்புத் தசைகள் ஏறத்தாழ 0.8 நொடிக்கு ஒருமுறை சுருங்கி விரிதலும் உண்டு. சிறுநீர் வருவது போன்ற உணர்வு தோன்றுதலும், உச்சம் எய்தாதவழி அடிவயிற்றுக் கனம் சிறிது நேரம் நின்று தணிதலும் அஞ்சத்தக்கன அல்ல. எல்லாரிடத்தும் எல்லாம் தோன்றும் என்பதும் இல்லை. மகவுக்குப் பாலூட்டும் காலத்திலும் மாதவிடாய் நின்ற பின்னரும் விருப்பம் இருந்தும் ஈரம் குறைதல் உண்டு. அது அன்பின் குறையன்று, இயக்குநீரின் குறை. விடாத வலி, நாற்றம், அரிப்பு, காரணமற்ற குருதிப்போக்கு ஆகியனவே மருத்துவரை நாடவேண்டிய குறிகள்.

மறதியின் வரலாறு மேலைநாட்டிலும் உண்டு. இன்பவுணர்ச்சிக்கென்றே அமைந்த கிளிட்டோரிசு என்னும் உறுப்பின் உள்விரிவை 1844ஆம் ஆண்டிலேயே செருமானிய அறிஞர் கோபெல்ட்டு வரைந்து காட்டினார். பின்வந்த பாடநூல்கள் பல அதனைச் சுருக்கியும் விடுத்தும் சென்றன. 1998ஆம் ஆண்டில் ஆசுத்திரேலிய அறுவை மருத்துவர் எலன் ஓகோனெல் குழுவினர் அதன் முழுவடிவை மீண்டும் நிறுவவேண்டியதாயிற்று. இவ்வுறுப்புக்கு எல்லாரும் ஒப்பி வழங்கும் தமிழ்ச்சொல் ஒன்று இன்றும் இல்லை.

6. மெய்ப்பாடு சான்றாகாத இடம்

இக்கால ஆய்வு பண்டை நூலை உறுதிப்படுத்துகிறது என்று கூறி அமைந்துவிடுதல் எளிது. ஆயின் அது முழுவுண்மை ஆகாது. 2000ஆம் ஆண்டில் கனடா நாட்டு மருத்துவர் உரோசுமேரி பாசன், பெண்டிர் பலரிடத்து வேட்கை முன்தோன்றி உடல் பின்செல்லாது, நெருக்கத்தால் உடல் நெகிழ்ந்தபின்னரே வேட்கை தோன்றுதலும் உண்டு எனக் காட்டினார். ஆறு படி, நான்கு படி என்னும் நேர்வரிசை எல்லார்க்கும் பொது அன்று என்பது இதனால் பெறப்படும்.

இதனினும் இன்றியமையாதது 2010ஆம் ஆண்டில் மெரடித் சிவர்சு குழுவினர் வெளியிட்ட தொகுப்பாய்வு. 132 ஆய்வுகளை ஒருங்குவைத்து, உறுப்பில் அளக்கப்பட்ட மாறுதலும் அவர்களே கூறிய உணர்ச்சியும் எவ்வளவு ஒத்துச்செல்கின்றன எனக் கணித்தனர். ஆடவரிடத்து ஒப்புமை 0.66, பெண்டிரிடத்து 0.26. அஃதாவது, பெண்ணின் உடல் நெகிழ்ந்திருந்தும் உள்ளம் விரும்பாதிருத்தல் கூடும். உள்ளம் விரும்பியும் உடல் நெகிழாதிருத்தல் கூடும். முன்னதை இசைவு எனக் கொள்ளுதலும், பின்னதை அன்பின்மை எனக் கொள்ளுதலும் ஒருங்கே பிழையாகும். கலத்தின் புறத்தே பொசிந்தது கொண்டு உள்ளத்தை முடிவு செய்யும் முறை இங்குத் தோல்வியுறுகிறது. அவள் சொல் ஒன்றே சான்று.

அச்சொல்தான் நம்மிடையே அரிதாயிற்று. வெள்ளைபடுதல் என்னும் ஒரு சொல்லே இதற்குப் போதிய எடுத்துக்காட்டு. மாதச் சுழற்சியில் இயல்பாய்த் தோன்றும் நீர், காமவுணர்ச்சியில் கசியும் ஈரம், தொற்றுநோயால் வருவது ஆகிய மூன்றையும் பொதுவழக்கு அவ்வொரு சொல்லால் குறித்துவிடுகிறது. உடலின் சத்து வீணாகிறது என்னும் அச்சமும் அதனோடு ஒட்டிக்கொண்டுள்ளது. கோவாவில் விக்கிரம் பட்டேல் குழுவினர் செய்து 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இவ்வகை முறையீடு தொற்றுநோயினும் மனத்துயரோடும் வாழ்க்கை இடர்களோடும் மிகுதியும் தொடர்புற்றிருத்தலைக் காட்டியது. சொல் பிரியாதவிடத்து இயல்புடையாள் அஞ்சுகிறாள். நோயுற்றவளோ இதுவும் இயல்பென்று வாளா இருக்கிறாள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் கிரீன் மகப்பேற்று நூலையும் உடற்கூற்று நூலையும் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ஈனும் உடலுக்குச் சொல் தேடிய அவ்வூக்கம் இன்புறும் உடலுக்கும் வேண்டுவதாகும். அப்பணி மருத்துவர்க்கு மட்டும் உரியது அன்று, தமிழ்த்துறைகளுக்கும் உரியது. மெய்ப்பாட்டியலைப் பாடம் சொல்லுமிடத்து, வியர்த்தலையும் நெகிழ்தலையும் விரைந்து கடந்து செல்லாமல் அவற்றின் உடலியல் உண்மையோடு பயிற்றலாம். அவ்வியலின் எல்லை இதுவெனவும் காட்டலாம். இராதிகா சாந்த்வனத்தைத் தெலுங்கறிந்த எல்லைப்புற மாணவர் துணையோடு தமிழ் வகுப்பிற் பயிலலாம். பள்ளிப்பட்டு போன்ற இருமொழி ஊர்களில் முதுபெண்டிரும் மருத்துவச்சியரும் மணமகளுக்குத் தனித்துக் கூறும் சொற்களைப் பெண் ஆய்வாளர் அவர்தம் இசைவோடு திரட்டின், அகராதிகள் விடுத்த சொற்கள் சில கிடைக்கக்கூடும். அவ்வாறு திரட்டும் அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கூறவேண்டியவர் அச்சொல்லை வழங்கும் பெண்டிரே ஆவர்.